கல்வெட்டின் முழு வாசகம் எங்கே?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த சாசனங்களில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அளந்த நிலம் எவ்வளவு என்று முதலில் வருகிறது. பிறகு வரி போட முடியாத இடங்களைக் கழித்துக்கொண்டே போகிறார்கள்: ஊர்க் குடியிருப்பு, கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. கழித்தது போக நின்ற நிலத்துக்கு இத்தனை கலம் நெல் என்று கணக்கு முடிகிறது. இதை எழுதிய அதிகாரிகளுக்கு வேலை வருவாய்க் கணக்கு. அதற்கு மேல் எதையும் பதிவுசெய்யும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததற்கு அடையாளம் இல்லை. ஆனால், ஆயிரம் ஆண்டு கழித்து அந்தக் கழிவுப் பட்டியல்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், சேரி ஊரிலிருந்து எப்படித் தனித்து நின்றது, செத்த பிறகும் சுடுகாடு எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதற்கெல்லாம் சோழர் காலத்து நேர்ச் சான்று அந்த வரிகளே. தீண்டாச்சேரி என்ற பெயரே அந்தச் சாசனங்களில் வருகிறது. தமிழ்ச் சமூகத்தில் தீண்டாமையின் வயதைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வரிக்கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

சான்றை உண்டாக்கியவருக்கு, பின்னால் வருகிறவர் என்ன கேட்பார் என்று தெரியாது. அதைக் காத்து வைக்கிறவருக்கும் தெரியாது. இன்று முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது, நாளைய கேள்வியை இன்றே அடைத்துவிடும். வரலாற்றை மறுவாசிப்பு செய்யலாமா கூடாதா என்று மேடைகளில் நடக்கும் சண்டையில் இந்த எளிய உண்மை காணாமல் போகிறது. மறுவாசிப்பு நடக்கத்தான் செய்யும்; எல்லாத் தலைமுறையும் தன் கேள்வியோடுதான் பழைய கல்லிடம் போகிறது. அந்தக் கேள்விக்கு எதிரே வைக்க முழுச் சான்று நம்மிடம் இருக்கிறதா, அது எல்லோர் கைக்கும் எட்டுகிறதா என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். தமிழகத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பாதிப் பதிலே கிடைக்கிறது.

மெட்ராஸ் அரசு 1886-ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-ல் வந்தது. அவருக்குப் பின் வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியும் ஊர் ஊராகப் படி எடுக்கும் பணியைத் தொடர்ந்தார்கள். படி எடுப்பது உடல் வருந்தும் வேலை. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன் மேல் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை அடிக்க வேண்டும். ஈரம் பாதி உலர்ந்ததும் மையை ஒற்றி ஒற்றி எடுத்தால், கருப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி நிற்கும். இந்த மைப்படிகள்தான் நம் வரலாற்றின் மூல ஆவணங்கள். சுவரில் இருந்த எழுத்து பின்னாளில் அழிந்துபோன இடங்களில், நூறாண்டுக்கு முந்திய அந்தத் தாள் மட்டுமே சாட்சி. ஆனால், எடுத்த படிகள் எல்லாம் முழுப் பாடமாக அச்சேறவில்லை. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு ஆகியவற்றோடு ஆங்கிலத்தில் ஓரிரு வரிச் சுருக்கம் வந்தது. இன்ன அரசன் காலத்தில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தது, நிலம் விற்றது என்ற அளவில் அது நின்றது. அந்த அறிஞர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆள் குறைவு, வேலை மலையளவு. முதலில் அட்டவணை போட்டுவிடுவோம் என்று நினைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தச் சுருக்கமே பல கல்வெட்டுகளுக்கு இன்றுவரை இறுதிச் சொல்லாக நிற்கிறது. அரசனும் போரும் கொடையும் முக்கியம் என்று கருதிய ஒரு காலத்தின் சல்லடை அது. விற்ற நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும்போது வந்த பக்கத்து நிலக்காரரின் பெயர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் சாதி, ஆடுகளை ஏற்றுக்கொண்ட மன்றாடி எனப்பட்ட இடையரின் ஊர் போன்றவை சல்லடையில் தங்கவில்லை.

விடுபட்டதன் மதிப்பு என்ன என்பதைச் சோழ அரசு பற்றிய விவாதமே காட்டுகிறது. கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி 1935-லும் 1937-லும் வெளியிட்ட ‘சோழர்கள்’ நூலில் வலுவான மைய அதிகாரமும் விரிந்த அதிகார வர்க்கமும் கொண்ட பேரரசை வரைந்தார். 1980-ல் அமெரிக்க ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் அந்தச் சித்திரத்தைக் கவிழ்த்தார். நாடுகள் எனப்பட்ட வேளாண் வட்டாரங்கள் தாமே இயங்கின, சோழ மன்னனின் அதிகாரம் பெரும்பாலான இடங்களில் சடங்கு அளவில்தான் இருந்தது என்றார் அவர். இரண்டு பெரிய அறிஞர்கள், ஒரே கல்வெட்டுகள், நேர்மாறான முடிவுகள். இதைத் தீர்க்க வழி உண்டா? ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் ஒரு வழி கண்டார்கள்: எண்ணிப் பார்ப்பது. தோரு மட்சுயியும் சேர, மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். எந்தப் பட்டம் எந்தக் காலத்தில், எந்த மண்டலத்தில் எத்தனை முறை வருகிறது, எந்த வரியின் பெயர் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று அடுக்கி வைத்தபோது, நாடுவகை செய்வோர் முதலான அரசு அலுவலர்கள் கற்பனை இல்லை என்பதும், மைய அதிகாரம் ராஜராஜன் காலத்திலிருந்து இறுகிப் பின்னர் தளர்ந்தது என்பதும் புலப்பட்டன. சாஸ்திரியின் படமும் அப்படியே நிலைக்கவில்லை, ஸ்டைனின் படமும் நிலைக்கவில்லை. காலத்துக்குக் காலம் மாறிய ஓர் அரசு நம் கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கும் முன்பே கராஷிமா திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்திருந்தார். பிராமணர்களுக்கு அளித்த பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் கையில் இருந்தது. பிராமணர் அல்லாத உழவர்களின் வெள்ளான்வகை ஊரான அல்லூரில் ஊராரின் கூட்டு உடைமையாக இருந்தது. இதை அவருக்குச் சொன்னவை அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகள் அல்ல. நிலத்தை யார் விற்றார், எல்லையில் யார் நிலம் இருந்தது என்ற சலிப்பூட்டும் வரிகள்தான். சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால் இந்த ஆய்வே பிறந்திருக்காது.

பெண்களின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். பெரிய கோயிலில் பணிசெய்ய தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு கோயில் பெண்களை ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றினான் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். சாசனம் அதோடு நிற்கவில்லை. எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லி, ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு என்று எழுதியிருக்கிறது. நானூறு என்ற எண்ணிக்கையோடு நிறுத்தினால் அரசனின் பெருமை தெரியும். பெயர்களைப் படித்தால் அந்தப் பெண்கள் தெரிவார்கள். கனடாவின் லெஸ்லி ஓர் 2000-ல் வெளியிட்ட நூலில், சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் கோயில் பெண்களைத் தனியே தொகுத்து ஆராய்ந்தார். பிற்காலத் தேவதாசி முறையை வைத்து அவர்களைப் பார்ப்பது தவறு, அவர்களில் பலர் கொடையாளிகளாக, தங்கள் கொடையின் மூலம் கோயிலில் உரிமையும் மதிப்பும் தேடிக்கொண்டவர்களாக இருந்தார்கள் என்று காட்டினார். கல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இதுவரை யாரும் அந்த வரிசையில் வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அவரவருக்கு ஏற்றபடி வரலாற்றை வளைத்துக்கொள்ள இது வழிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான். எந்தக் கட்சிக்கும் எந்தச் சாதிக்கும் வேண்டிய சோழன் இன்று கிடைக்கிறான். ஆனால், சான்று முழுதாகக் கண்முன் இருக்கும் இடத்தில் இந்த வளைப்பு அதிக நாள் தாங்குவதில்லை. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். 1882-ல் ராபர்ட் சூவெல் கவனித்த அந்த எழுத்துகளைத் தொடக்கத்தில் பிராகிருதமாகவே படிக்கப் பார்த்தார்கள். 1924-ல் கே.வி.சுப்பிரமணிய ஐயர், வடமொழிகளில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகளுக்கு அங்கே தனி வடிவங்கள் இருப்பதைச் சுட்டி, இவை தமிழ் என்று வாதிட்டார். பின்னர் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார், புகளூரில் சேர அரசர்களை அடையாளம் கண்டார். அவருடைய முழுத் தொகுப்பு 2003-ல் வந்தது. மொழிப்பற்று இந்த வாசிப்பை நிலைநாட்டவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் வரைந்து, படம் போட்டு, யார் வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று மேசைமேல் வைத்ததால்தான் அது நின்றது. காலக்கணிப்பில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவை தமிழா என்பதில் இல்லை.

உத்திரமேரூர் இதன் மறுபக்கம். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளைக் காட்டி உலகின் முதல் மக்களாட்சி என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. குடும்புகள் எனப்பட்ட முப்பது வட்டங்களிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எல்லோர் முன்னிலையிலும் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள் என்பது உண்மை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. இன்றைய உள்ளாட்சிகள் வெட்கப்பட வேண்டிய கட்டுப்பாடு அது. ஆனால், அதே சுவர் வேறு தகுதிகளையும் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் ஓதியிருக்க வேண்டும். இது பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை, பெண்ணுக்கும் இல்லை. பாதியைப் படித்தால் பெருமிதம் வரும், மறுபாதியை மட்டும் படித்தால் வெறுப்பு வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு, தங்களுக்குள் கடுமையான நேர்மையைக் கடைப்பிடித்து, மற்றவர்களை முற்றாக வெளியே நிறுத்திய ஒரு நிலவுடைமைக் குழு தெரியும். பள்ளிப் பாடத்தில் இந்த முழுச் சித்திரத்தைச் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியாத அளவுக்குச் சிக்கலான விஷயம் இல்லை.

முழுமையாகச் சரிபார்க்காமல் வெளியிட்டால் தவறான வாசிப்புகள் பரவும், ஆகவே பொறுமை வேண்டும் என்பது துறைசார்ந்தவர்களின் வாதம். பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் பதினேழாம் தொகுதியில் உள்ளவை 1903-04-ல் படி எடுத்தவை. அச்சில் வந்தது 1964-ல். படி எடுத்தவர்கள் தங்கள் உழைப்பை அச்சில் பார்க்கவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் நடந்த அகழாய்வின் மாதிரிகளுக்குக் காலக்கணிப்பு முடிவு 2019-ல்தான், அதுவும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, வெளியே தெரிந்தது. கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றிய 982 பக்க அறிக்கையை, அதை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அது திரும்பி வந்தது. அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார். காலக்கணிப்பு பற்றி வல்லுநர்களுக்கு ஐயம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அந்த ஐயங்களை அறிக்கையோடு சேர்த்தே அச்சிட்டிருந்தால், மண்ணடுக்கு வரைபடத்தையும் மாதிரி எடுத்த ஆழத்தையும் பார்த்து உலகின் எந்த ஆய்வாளரும் தன் கருத்தைச் சொல்லியிருப்பார். அது நடக்காததால் அறிக்கையைப் படிக்காதவர்கள் இரு தரப்பிலும் நின்று வாதிட நேர்ந்தது. கோளாறான வாசிப்பு என்றாவது திருத்தப்படும். பூட்டிவைத்த அறிக்கையைத் திருத்த யாராலும் முடியாது.

மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையிடம் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது வரவேற்கத் தக்கது. ஆனால், அலமாரி மைசூரிலிருந்து சென்னைக்கு வந்தால் மட்டும் போதாது. ஒரு கல்லூரி மாணவி தன் ஊர்க் கோயிலின் எண்ணைத் தட்டினால் மைப்படியின் படமும், அதன் எதிரே வரிவரியாகப் பாடமும் திரையில் வர வேண்டும். சந்தேகமான எழுத்துகளுக்குக் குறியிட்டு, தற்காலிக வாசிப்பு என்றே தலைப்பிட்டு வெளியிடலாம். அதில் யாருடைய புலமைக்கும் இழுக்கில்லை. படம் எடுத்து ஏற்றிவிட்டால் மூலம் தேவையில்லை என்று கருதுவதும் ஆபத்து. பாடம் பிரிக்காத, அட்டவணை இல்லாத படக் கோப்பு இன்னொரு அலமாரிதான். அது மட்டுமா, கல்வெட்டு எந்தச் சுவரில், எந்த வரிசையில், எதன் தொடர்ச்சியாக இருக்கிறது என்பதும் சான்று. பாதிக் கல்வெட்டுக் கற்கள் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தால், கோயில் ஒருமுறை இடித்துக் கட்டப்பட்டது என்று அந்தச் சுவரே சொல்லும்.

அந்தச் சுவர்களுக்கு நேரும் கதிதான் மனத்தை அதிகம் வருத்துகிறது. அறநிலையத் துறையின் கீழ் மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள். குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று என்றால் அவசரம் பிடித்துக்கொள்கிறது. மணல்வீச்சுக் கருவி எழுத்தின் விளிம்பைத் தேய்த்து எடுத்துவிடும் என்பதால் அதற்குத் தடை வந்தது. ஆனாலும், அடித்தளமான அதிட்டானத்தின் மேல் சிமென்ட் பூச்சு, தரையை உயர்த்திக் கிரானைட் பதிப்பு, உபயதாரர் பெயருக்காகச் சுவரில் பெயின்ட் என்று எழுத்து மறைகிற வழிகள் பல இருக்கின்றன. அதிட்டானத்தின் குமுதப் பட்டையில் தொடங்கும் கல்வெட்டின் கடைசி இரண்டு வரி தரைக்குக் கீழே போய்விட்டால், கொடுத்தவர் பெயர் தெரியும், கொடுத்தது என்ன என்று தெரியாமல் போகும். கோயில் வழிபாட்டுக்கு உரியது, அருங்காட்சியகம் இல்லை, பழுது பார்க்கப் பக்தர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வார்கள். உண்மை. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குச் சோழர்களே முன்மாதிரி வைத்திருக்கிறார்கள். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைக் கற்கோயிலாக மாற்றிய சோழ அரசி செம்பியன் மாதேவி, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார்; இது பழங்கல்லைப் பார்த்து எடுத்த படி என்ற குறிப்போடு. அவற்றில் பல்லவர் காலத்துக் கொடைகளும் இருந்தன. தன் குலத்தார் வீழ்த்திய அரசர்களின் சாசனத்தையும் காப்பாற்றிவிட்டுத்தான் அந்த அரசி தன் திருப்பணியைச் செய்தார். பத்தாம் நூற்றாண்டில் உளியால் முடிந்தது, இன்று கேமராவும் தாளும் மையும் இருக்கும்போது முடியாது என்பதை ஏற்க இயலாது.

கோயிலுக்கு வெளியே நிற்பவற்றுக்கு இந்த அளவு பாதுகாப்புகூட இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட நடுகற்கள், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரன் உள்ளிட்டோரைத் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் சொல்லி நினைவுகூர்பவை. நடுகல்லின் வரலாற்றையே பல நூற்றாண்டு பின்னுக்குக் கொண்டுபோனவை. அதுவரை அந்த ஊரில் கேட்பாரற்றுக் கிடந்தவை. அதுபோன்ற கற்கள் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இன்னும் எத்தனையோ இருக்கலாம். சாலை அகலப்படுத்தும் இயந்திரத்துக்கு அவை வெறும் கல்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. திருப்பணிக்கு அனுமதி தரும் கோப்பில், எல்லாக் கல்வெட்டுகளுக்கும் மைப்படியும் படமும் எடுத்தாயிற்று என்ற தொல்லியல் துறையின் சான்றை ஓர் இணைப்பாகச் சேர்க்கலாம். அது இல்லாமல் சாரம் கட்டக் கூடாது. படியின் ஒரு பிரதியும் பாடமும் அந்த ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும். அகழாய்வு அறிக்கைகளுக்கு ஒரு காலக்கெடுவைச் சட்டமாகவே வைக்கலாம். கெடு முடிந்தால் ஆய்வாளர் கொடுத்த வடிவமும் துறையின் மறுப்பும் ஒரே அட்டைக்குள் வெளியாக வேண்டும். கல்வெட்டியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும் இளைஞர்களை, அச்சேறாத படிகளைப் பாடம் பிரிக்கும் பணியில் மாவட்டத்துக்குச் சிலராக அமர்த்தலாம். கையில் இருக்கும் மைப்படிகள் பழந்தாளில் இருப்பவை, மடித்த இடத்தில் கிழிபவை. இந்த வேலையை அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.